இடியாத வீடுகள்

வெளிநாட்டுக் கடன்களின் தவணைகளை இப்போதைக்குக் கட்ட முடியாது என்று நிதி அமைச்சர் தொலைக்காட்சியில் அறிவித்த நேரத்தில், இன்ஜினியர் ஒரு பெரிய பள்ளத்தின் அடியில் நின்றுகொண்டிருந்தார். நாலு மாடி வீட்டை அப்படியே உள்ளே இறக்கலாம், அவ்வளவு ஆழம். மேலேயிருந்து காவலாளி கைபேசியை ஆட்டி ஆட்டி ஏதோ கத்தினார். பம்புகளின் இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. ஏணியில் ஏறி மேலே வந்து விஷயத்தைக் கேட்டுக்கொண்ட இன்ஜினியர், "நமக்கென்னய்யா, அது பெரிய இடத்து விவகாரம்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார். பெரிய இடத்து விவகாரமெல்லாம் கடைசியில் எங்கே வந்து விடியும் என்று இத்தனை வருஷம் அரசாங்கச் சம்பளம் வாங்கிய மனிதருக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் டீ ஆறிவிடுமே.

அந்தப் பள்ளம் நகரத்தின் புதுக் குடிநீர் நிலையத்துக்காகத் தோண்டியது. கடன் கொடுத்தது ஒரு வெளிநாட்டு வங்கி. வேலையை எடுத்த நிறுவனமும் அதே நாடு. இயந்திரம் அதே நாடு. இயந்திரத்தை முடுக்கும் போல்ட்டு நட்டுகூட அதே நாட்டிலிருந்துதான் வர வேண்டும் என்று ஒப்பந்தம். இங்கே வேலை நடக்க நடக்க, அங்கே வங்கி அந்த நிறுவனத்துக்குப் பணம் கொடுத்துவிடும். பணம் அந்த ஊர் எல்லையைத் தாண்டியதே இல்லை. கடன் மட்டும் பத்திரமாக இங்கே வந்து சேர்ந்துவிடும். இதற்குப் பெயர் உதவி.

ஆற்றுக்குப் பக்கத்து நிலம், வெறும் மணல். இரண்டு ஆள் ஆழம் தோண்டினாலே தண்ணீர் பீறிட்டுக்கொண்டு வரும். அதனால் பள்ளத்தைச் சுற்றிலும் இரும்புத் தகடுகளை அடித்து இறக்கி, சுற்றிலும் ஆழ்குழாய்கள் போட்டு, டீசல் பம்புகளால் இரவு பகலாக நிலத்தடி நீரை இறைத்துக்கொண்டே இருந்தார்கள். தகட்டுக்கு அந்தப் பக்கம், கையை நீட்டினால் தொடலாம் போல, ஒரு வரிசை வீடுகள். முதல் வீடு பள்ளிச் சீருடை தைத்துப் பிழைக்கும் ஒரு அம்மாவுடையது. தையல் அம்மா என்றுதான் தெருவே கூப்பிடும்.

பள்ளத்தின் அடியில் பாதித் தரைக்குத்தான் கான்கிரீட் போட்டிருந்தார்கள். மீதிப் பாதி மணல். தரையை முடித்துவிட்டு இயந்திரத்தை இறக்குவதுதான் உலக வழக்கம். ஆனால் இயந்திரம் இறங்கியது என்று பில் போட்டால் வங்கி பெரிய தொகை தரும், தரைக்குச் சில்லறைதான். எனவே அந்த நிறுவனத்தார் போட்டு முடித்த பாதியில் ராட்சச மோட்டார்களை அவசர அவசரமாக இறக்கி வைத்துவிட்டு, தரையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். இன்ஜினியர் முணுமுணுத்தார். முணுமுணுத்துக்கொண்டே கையெழுத்தும் போட்டார்.

தவணையை நிறுத்தியதும் வங்கி நிறுவனத்துக்குப் பணம் தருவதை நிறுத்தியது. நிறுவனம் ஆட்களை விமானம் ஏற்றி அனுப்பிவிட்டு, கிரேனைக் கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டது. அவர்களுடைய மேலாளர் நல்ல மனிதர், கைகுலுக்கி, வருத்தமாக இருக்கிறது என்று மூன்று விதமாகச் சொல்லிவிட்டுப் போனார். பம்புகளைக் கொண்டுபோக யாரும் கூலி கொடுக்காததால் அவை தப்பின. தொட்டியில் கொஞ்சம் டீசல் மிச்சம் இருந்தது.

இன்ஜினியரின் தங்கை கணவர் கருவூலத்தில் கடன் பிரிவில் அதிகாரி. மாப்பிள்ளையைப் பிடித்தால் வேலை நடக்கும் என்று இன்ஜினியர் நேராக அவருடைய அலுவலகத்துக்கே போனார். ஏசி நின்று போன அறை. மின்சாரத்தை மிச்சம் பிடிக்க விளக்குகளில் பாதியைக் கழற்றியிருந்தார்கள். மாப்பிள்ளை ஜன்னலோரம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எழுதிக்கொண்டிருந்தார்.

"வாங்க மச்சான், உட்காருங்க. காலையிலேர்ந்து வெளிநாட்டு ஆலோசகர்களோட பேச்சு. தொண்டையே போச்சு."

"மாப்பிள்ளை, எனக்கு டீசல் வேணும். மத்ததெல்லாம் அப்புறம்."

"டீசலுக்குக் காசு குடுத்தா, அந்தத் திட்டத்துக்குக் குடுத்த மாதிரி ஆயிடும். அந்த ஒரு பேங்குக்கு மட்டும் என்னமோ தனியா கவனிக்கிறாங்கன்னு, கடன் குடுத்த மத்தவங்க எல்லாரும் கிளம்பிடுவாங்க. விரிச்சா எல்லாருக்கும் ஒரே மாதிரி கையை விரிக்கணும். அதான் முறை."

"பம்பு நின்னா தண்ணி வீடுங்களுக்கு அடியில இருக்கிற மண்ணை அரிச்சுக்கிட்டுப் பள்ளத்துக்குள்ள வரும். வீடுங்க விழும்."

"அவசர வேலைன்னு விலக்கு கேட்டிருக்கோம். எல்லாரும் ஆட்சேபணை இல்லைன்னு சொல்லணும். சொல்லுவாங்க. கொஞ்சம் பொறுங்க."

"மண்ணு பொறுக்குமா? இன்னொரு வழி இருக்கு. பள்ளத்தைத் தண்ணி விட்டு நிரப்பிடறேன். உள்ளேயும் வெளியேயும் தண்ணி ஒரே மட்டத்துக்கு வந்துட்டா அடியில மண்ணு நகராது. வீடு நிக்கும்."

"மிஷினுங்க?"

"மூழ்கிடும். கிரேன் இல்ல, தூக்க முடியாது."

மாப்பிள்ளை எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "இதை இந்தக் கட்டடத்துல இன்னொரு தடவை வாயைத் திறந்து சொல்லாதீங்க. இப்ப எல்லாக் கடனையும் ஒண்ணா வெச்சுப் பாதியா குறைக்கச் சொல்லிப் பேசிட்டு இருக்கோம். மிஷினை நாமே கெடுத்தோம்னா, பேங்க்காரன் இந்தக் கடனை மட்டும் தனியா உருவி, குறைப்பும் கிடையாது ஒண்ணும் கிடையாது, முழுசா வைன்னு உட்கார்ந்துடுவான். இருக்கிறது இருக்கிறபடி இருக்கணும் மச்சான். அவ்வளவுதான் உங்க வேலை."

கிளம்பும்போது மாப்பிள்ளை இன்னொன்றும் கேட்டுக்கொண்டார். தினமும் சாயங்காலம் பள்ளத்தின் நிலவரத்தைப் போனில் சொல்ல வேண்டும். அதை அவர் எழுதி மேலே அனுப்புவார். "ஆனா பயமுறுத்தற மாதிரி சொல்லாதீங்க. நான் எழுதறது சுத்திச் சுத்திக் கடன் குடுத்தவங்க கண்ணுக்கும் போகும். பேச்சு நடக்கிற நேரத்துல நம்ம வாயாலேயே ஆபத்துன்னு சொன்னா, அவன் வட்டியை ஏத்துவான்."

அன்றிலிருந்து இன்ஜினியர் தினமும் போன் செய்தார். "சமாளிச்சுக்கலாம் மாப்பிள்ளை" என்றார். அடுத்த நாளும் அதையே சொன்னார். தங்கை வீட்டுக்காரர் மனம் நோகக் கூடாது, நாட்டுக்கும் வட்டி ஏறக் கூடாது. ஒரே வார்த்தையில் இரண்டு நல்ல காரியம் நடக்கிறதே என்று அவருக்கு ஒரு திருப்திகூட இருந்தது. இந்த ஒரு வார்த்தைதான் பின்னால் அவர் கழுத்தைப் பிடித்தது.

டீசல் தீரத் தொடங்கியதும் சொந்தக் காசில் வாங்கினார். கொஞ்ச நாளில் காசு கொடுத்தாலும் கிடைக்கவில்லை. எண்ணெய்க் கப்பலுக்குக் கொடுக்க நாட்டில் டாலர் இல்லை, கப்பல் துறைமுகத்துக்கு வெளியே நின்று வேடிக்கை பார்க்கிறது என்று செய்தி. பெட்ரோல் பங்குகளில் வரிசை தெருவைச் சுற்றி வளைந்தது. காவலாளி கேன்களைத் தூக்கிக்கொண்டு விடிவதற்கு முன் போய் நின்று, சில நாள் பாதிக் கேனோடும் சில நாள் வெறுங்கேனோடும் வந்தார். இன்ஜினியர் பம்புகளை ஒவ்வொன்றாக நிறுத்தி, இருக்கிற டீசலை மற்றவற்றுக்கு ஊற்றினார்.

வீட்டுக்காரர்களையாவது காலி செய்ய வைக்கலாம் என்று தையல் அம்மாவிடம் போய்ப் பேசினார். அவர் இயந்திரத்திலிருந்து காலை எடுக்காமலேயே கேட்டுக்கொண்டார்.

"எத்தனை நாளைக்கு?"

"சொல்ல முடியாதும்மா. நிலைமை சரியாகிற வரைக்கும்."

"எங்க போறது?"

"சொந்தக்காரங்க யாராவது..."

"தம்பி, இந்தப் பள்ளம் தோண்ட வந்தப்பவே எங்களைக் கிளப்பப் பார்த்தீங்க. ஞாபகம் இருக்கா? கோர்ட்டுக்குப் போய்த்தான் தங்கினோம். இப்ப நாங்களா வெளியே போனா, திரும்பி வர்றப்ப கதவுல உங்க பூட்டு தொங்கும். வேற எவனாவது இளிச்சவாயன் இருந்தா பாருங்க."

அந்த அம்மா சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை என்பதுதான் கஷ்டம். அக்கம்பக்கத்து வீடுகளிலும் அதே பதில்தான், வார்த்தைகள் மட்டும் இன்னும் கொஞ்சம் தடிப்பு. போலீசில் சொல்லிப் பார்த்தார். மேலிடத்து உத்தரவு இருக்கிறதா என்று கேட்டார்கள். மேலிடத்தில் நிலவரம் சமாளிக்கும்படியாக இருப்பதாக அல்லவா தகவல்.

ஒரு நாள் காலை, காவலாளி டீசல் வரிசைக்குப் போயிருந்த நேரம், இன்ஜினியர் தனியாகப் பள்ளத்துக்குள் இறங்கினார். பம்பு இறைக்கும் நீர் எப்படி இருக்கிறது என்று பார்ப்பது அவருடைய வழக்கம். தெளிவாக இருக்கிற வரை பயமில்லை, அது வெறும் தண்ணீர். கலங்கி வந்தால் அதோடு மண்ணும் வருகிறது என்று பொருள். எங்கேயிருந்து வரும்? மேலே நிற்கிற வீடுகளுக்கு அடியிலிருந்துதான் வரும்.

கான்கிரீட் போடாத பாதியில் மணல் ஒரு இடத்தில் கொதிப்பதுபோலக் குமிழியிட்டுக்கொண்டிருந்தது. அவர் குனிந்து கையை விட்டார். உள்ளங்கையில் நுண்மணலும் பழுப்புத் தண்ணீரும் நின்றன. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் இன்னொரு இடத்தில் குமிழி வந்தது. மேலே தையல் இயந்திரம் ஓடுவது அங்கே கேட்காது. ஆனால் அந்த நேரத்துக்கு அந்த அம்மா உட்கார்ந்து தைத்துக்கொண்டிருப்பார் என்பது அவருக்குத் தெரியும்.

ஒரு போட்டோ எடுத்திருக்கலாம். ஒரு பாட்டிலில் அந்தத் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கலாம். காகிதத்தில் பிழைக்கிறவனுக்கு அதுதான் முதலில் தோன்றியிருக்க வேண்டும். அவருக்குத் தோன்றவில்லை. ஏணியில் ஏறி ஓடினார்.

தெரு முனையில் நகரத்தின் பழைய குடிநீர்க் குழாய் போகிறது. புது நிலையத்தோடு இணைப்பதற்காக அதிலிருந்து ஒரு கிளைக் குழாயைப் பள்ளத்தின் விளிம்பு வரை போட்டு வைத்திருந்தார்கள். அதன் வால்வைத் திறந்து மூடும் ஊழியர் ஒரு நிழலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அந்த வட்டாரத்துக்கு இரண்டு நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர், அன்றைக்கு அந்த நாள். வீட்டு வாசல்களில் குடங்கள் வந்து வரிசையாக உட்கார்ந்துவிட்டன.

"தண்ணியைப் பள்ளத்துக்குத் திருப்புங்க" என்றார் இன்ஜினியர்.

"சார், ஜனங்க காத்துக்கிட்டு இருக்காங்க."

"திருப்புங்க. நான் பொறுப்பு."

"எழுத்துல குடுங்க சார்."

பேப்பரின் ஓரத்திலேயே எழுதி, கையெழுத்துப் போட்டுக் கிழித்துக் கொடுத்தார். பிறகு இரண்டு பேருமாகச் சேர்ந்து சக்கரத்தைத் திருகினார்கள். குழாய் வாயிலிருந்து தண்ணீர் யானைப் பருமனுக்குப் பள்ளத்துக்குள் பாய்ந்தது. கீழேயிருந்து மண்ணைத் தள்ளிக்கொண்டு வரும் நீரைவிட மேலேயிருந்து விழும் நீர் வேகமாக நிரம்ப வேண்டும். அதற்காக அந்த வட்டாரத்துத் தண்ணீர் அன்று முழுக்க, மறுநாள் பக்கத்து வட்டாரத்துத் தண்ணீரும் முழுக்க, உள்ளே போனது. உறைகூடப் பிரிக்காத மோட்டார்கள் முழங்கால் வரை நின்றன, இடுப்பு வரை நின்றன, பிறகு கண்ணுக்குத் தெரியவில்லை. இன்ஜினியருக்கு அழுகை வந்தது. மூன்று வருஷம் வெயிலில் நின்று எழுப்பியது, அதுவும் இன்னும் ஒரு சல்லிக்காசு கட்டாத இயந்திரம்.

தெரு கூடிவிட்டது. காலிக் குடத்தோடு வந்தவர்கள், குடிக்கிற தண்ணீரைக் குழியில் கொட்டுகிற அக்கிரமத்தைக் கண்ணால் பார்த்தார்கள். வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். ஒருவர் குடத்தை விட்டெறிந்தார், அது இன்ஜினியரின் தோளில் பட்டது. தையல் அம்மாவும் வாசலில் நின்றார். "எல்லார் வீட்டுக்கும் குழாயில தண்ணி வரும்னு சொல்லித்தானே தோண்டினீங்க" என்று மட்டும் கேட்டார். அதைச் சத்தம் போடாமல் கேட்டதுதான் இன்ஜினியரைச் சுட்டது.

நீர்மட்டம் ஒன்றாகிப் பள்ளம் அசையாமல் குளம்போல நின்றது. வீடுகள் நின்றன. எதுவுமே நடக்கவில்லை.

அதற்குப் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. கடன் வாங்கியவர் தானே இயந்திரங்களை அழித்ததால் அந்தக் கடனைக் குறைப்புப் பேச்சிலிருந்து எடுத்துவிட்டதாக வங்கி அறிவித்தது. முழுத்தொகையையும் கட்ட வேண்டும், ஓடாத மோட்டாருக்கு நம் பேரப்பிள்ளைகள் காலம் வரை வட்டி. அதை ஈடுகட்ட நகரத்தில் தண்ணீர்க் கட்டணம் ஏறியது. ஏறியதற்குக் காரணம் யார் என்று பேப்பரில் படத்தோடு போட்டார்கள். இன்ஜினியரைத் தற்காலிகமாகப் பணியிடை நீக்கம் செய்து விசாரணை வைத்தார்கள். பொதுச் சொத்தை அழித்த குற்றம் நிரூபணமானால் வேலை, ஓய்வூதியம் எல்லாம் போய், சிறைக்கும் போக வேண்டும்.

விசாரணை அதிகாரி ஒரு நிதானமான பெண்மணி. குரலை உயர்த்தாமல் கேட்டார்.

"வீடுங்க விழப் போகுதுன்னு எப்படித் தெரியும்?"

"தண்ணி கலங்கி வந்தது. மணல் கொதிச்சுது."

"வேற யாரு பார்த்தாங்க?"

"யாருமில்ல. நான் மட்டும்தான்."

அடுத்து மாப்பிள்ளை வந்து உட்கார்ந்தார். மச்சான் பக்கம் பார்க்கவே இல்லை. தினமும் சாயங்காலம் என்ன தகவல் வந்தது என்று அதிகாரி கேட்டார். "சமாளிச்சுக்கலாம்னு சொன்னார்" என்றார் மாப்பிள்ளை. கடைசி நாள்? "அன்னிக்கும் அதேதான் சொன்னார்." பயமுறுத்தாதீர்கள் என்று சொன்னது யார் என்று யாரும் அவரைக் கேட்கவில்லை. அவரும் தானாகச் சொல்லவில்லை. அவருக்கும் குடும்பம் இருக்கிறது, அதுவும் இன்ஜினியரின் சொந்தத் தங்கையின் குடும்பம். அதனால் இன்ஜினியரும் அதைக் காட்டிக்கொடுக்கவில்லை.

எல்லாரும் எழுந்து போன பிறகு அதிகாரி அவரை மட்டும் நிறுத்தினார். "நீங்க பொய் சொல்ற ஆளாத் தெரியல. ஆனா நீங்க நம்பறதை வெச்சு நான் எழுத முடியாது. அடியில மண்ணு போயிருந்தா மேலே ஏதாவது தெரியணுமே. ஒரு சுவர் இறங்கியிருக்கலாம், ஒரு விரிசல் விட்டிருக்கலாம். அந்த வீடுங்கள்ல ஒண்ணே ஒண்ணு இருந்தாலும் கொண்டு வாங்க. அடுத்த வாரம் முடிச்சுடுவேன்."

மறுநாளே இன்ஜினியர் தெருவுக்குப் போனார். ஒவ்வொரு வீட்டுச் சுவராகத் தடவிக்கொண்டு நடந்தார். மூலைகளில் குந்தி உட்கார்ந்து பார்த்தார். கதவு நிலைகள் சாய்ந்திருக்கிறதா என்று ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். ஜனங்கள் வாசலில் நின்று, பைத்தியம் முற்றிவிட்டது என்று சிரித்தார்கள். ஒன்றும் இல்லை. நேரத்தோடு தண்ணீர் விட்டுவிட்டார், அந்த அளவுக்கு வேலை தெரிந்தவர். எந்த வீட்டுக்கும் ஒரு கீறல்கூட விழவில்லை.

கடைசியாகத் தையல் அம்மா வீட்டின் பின்சுவரில், தரையோரம், நூல் கனத்தில் ஒரு கோடு. இன்ஜினியர் நகத்தை விட்டுப் பார்த்தார். உள்ளே போனது. அந்த நிமிஷத்தில் அவருக்கு வந்த சந்தோஷம், மகள் பிறந்தபோதுகூட வந்ததில்லை. இன்னும் கொஞ்சம் பெரிதாக இருக்கக் கூடாதா என்று மனசு அடித்துக்கொண்டது. மேலே கூரை வரைக்கும் போயிருக்கக் கூடாதா, இந்த மூலை ஒரு சாண் இறங்கியிருக்கக் கூடாதா? யார் வீட்டைப் பார்த்து இப்படி ஆசைப்படுகிறோம் என்று உறைத்தபோது அவருக்கே தன்மேல் அருவருப்பாக இருந்தது. ஆனாலும் விரலை எடுக்கவில்லை.

"அது பழசு தம்பி" என்றார் தையல் அம்மா பின்னால் நின்று. "சுண்ணாம்பு அடிச்சப்பவே இருந்தது."

"அம்மா, இது புதுசுன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும். அந்தப் பள்ளத்தாலதான் வந்ததுன்னு. என் வேலை, என் குடும்பம் எல்லாம் அதுலதான் இருக்கு."

அந்த அம்மா அவரைப் பாவமாகத்தான் பார்த்தார். "சொன்னா என்ன ஆகும்? ஆபத்தான வீடுன்னு சிவப்புல குறி போட்டுட்டுப் போவாங்க. அதுக்கப்புறம் நான் எங்க தம்பி போறது?"

"உங்க வீடு நிக்கிறதுக்காகத்தாம்மா நான் அதைச் செஞ்சேன்."

"இருக்கலாம். எனக்குத் தெரியாது. என்னை வந்து கேட்டா, என் வீடு நல்லா இருக்குன்னுதான் சொல்லுவேன். அப்படிச் சொன்னா உங்களுக்கு ஏன் தம்பி கஷ்டமா இருக்கணும்?"

இன்ஜினியர் வீட்டுக்கு வந்தபோது மனைவி கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். உள்ளே மகள் ஏதோ படித்துக்கொண்டிருந்தாள். மனைவி அவர் முகத்தைப் பார்த்தாள், ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"போன காரியம்?"

"எல்லா வீடும் கல்லு மாதிரி நிக்குது" என்றார் அவர்.

அதைக் கேட்டதும் அவள் வாசற்படியிலேயே உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.